காலண்டருக்குப் பின்னால் ஒரு விரிசல்

ஜெபகனி அக்கா வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்குகிற காலண்டர் இப்போது வெறும் காலண்டர்தான். தேதி பார்க்கலாம், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளைச் சுற்றி வட்டம் போடலாம். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அதற்கு வேறு உத்தியோகம் இருந்தது. சுவரில் விழுந்த விரிசலை யார் கண்ணிலும் படாமல் மறைக்கிற உத்தியோகம். அக்காவைத் தவிர அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

குளத்தூருக்கும் கீழவைப்பாருக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் கணக்கு டீச்சர். நான் தமிழ் டீச்சர், பெயர் ஷீஜா. அவளுக்கு ஊர் நாசரேத், எனக்கு சாத்தான்குளம். இரண்டுமே மணல் பூமி. எங்கள் பக்கம் எவ்வளவு மழை கொட்டினாலும் அரை மணி நேரத்தில் தண்ணீர் போன இடம் தெரியாது. வேலைக்கு வந்த இடமோ கன்னங்கரேல் என்ற கரிசல். முதல் ஐப்பசியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அக்காவின் செருப்பு இரண்டும் சேற்றுக்குள் போய்விட்டன. வெறுங்காலோடு வகுப்புக்குப் போய்ப் பின்னம் நடத்தினாளாம்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரமே கெடைக்கல," என்பாள், ரேஷன் கடைக்குப் போக நேரம் கிடைக்காத மாதிரி. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் இருந்தாள். அப்புறம் 2008-இல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டப்போகிறேன் என்றாள். நாசரேத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் நேசக்குமார் ஒரே குதி குதித்தார்.

"ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குளா தனி வீடு? நம்ம வீட்டு மாடியில ரூமு சும்மாத்தான கெடக்கு?"

அக்கா மறுநாளே போய் பத்திரம் பதிந்துவிட்டு வந்தாள். அண்ணன் கோபக்காரர்தான், ஆனால் தங்கச்சியைக் கைவிடுகிறவர் இல்லை. நாசரேத்தில் பாதி வீடுகளைக் கட்டிய கொத்தனாரை அவரே அனுப்பிவைத்தார். அந்த மனுஷன் சித்திரை வெயிலில் வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். மூன்று அடி தோண்டியதும் கடப்பாரை 'ணங்' என்று திரும்பியது. "பாறையே வந்துட்டு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கல்லை அடுக்கிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருடைய ஊர் மண் பன்னிரண்டு மாசமும் ஒரே மாதிரி இருக்கும். சித்திரையில் பாறையாக இருக்கிற கரிசல் ஐப்பசியில் செருப்பைப் பிடுங்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஆனாலும் பதின்மூன்று வருஷம் வீடு ஜம்மென்று நின்றது. அந்த வீட்டில் அக்காவைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் அவள் சிரித்து ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டால் நைட்டிக்கு மாறி, காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு கீர்த்தனைகளை உச்சஸ்தாயியில் பாடுவாள். சுதி சேராது. "எங்கப்பா வீட்டுல பாடுனா அண்ணன் சிரிப்பான். இங்கன யாரு கேக்கா?" என்பாள். அவளுக்கு அந்த வீடு என்னவென்று எனக்கு அன்றைக்கே புரிந்தது.

2021-இல் நாங்கள் வேலை பார்த்த ஊருக்கு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. அதுவரை லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சேர்த்துப் புழங்கியவளுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்ததும் முதல் ஆசை வாழை. எங்கள் பக்கத்தில் வாழை இல்லாத அடுப்படி ஏது? பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் சுவரோரமாகவே வாழைக்குப் போகும். அதை வீணாக்கினால் பெரியவர்கள் ஏசுவார்கள். அக்காவும் அடுப்படி மூலையில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஆறு கன்று வைத்தாள். சாத்தான்குளத்திலிருந்து அந்தக் கன்றுகளைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான்தான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். வாழை தளதளவென்று வந்தது. இலைக்கும் பூவுக்கும் பஞ்சமே இல்லை.

அடுத்த கோடையில் அடுப்படிச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு. மயிர் மாதிரிதான் இருந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "யாருகிட்டயும் சொல்லிராதளா. அண்ணன் காதுக்குப் போச்சுன்னா மாடி ரூமத் தொறந்து பெருக்கி வச்சிருவான்." அன்றைக்கே சர்ச்சில் கொடுத்த பெரிய காலண்டரை அதன்மேல் மாட்டினாள்.

மறைத்தாளே தவிர, கணக்கு டீச்சர் இல்லையா, அளக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் காலண்டரைத் தூக்கிவிட்டு, ஸ்கேலை வைத்து விரிசலின் அகலத்தைப் பார்ப்பாள். பக்கத்திலேயே பென்சிலால் தேதியும் அளவும் எழுதுவாள். மே மாசம் மூன்று மில்லிமீட்டர். மழைக்குச் சுருங்கி ஒன்று. அடுத்த ஏப்ரலில் ஆறு. 2024 ஏப்ரலில் பதினொன்று. அதற்குள் அடுப்படிக் கதவு தாழ்ப்பாளில் சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் ஒரு கொத்தனாரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "இந்த மழைக்குச் சரியாயிரும்," என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். பிள்ளைகள் கணக்கில் ஒரு புள்ளி தப்பாக வைத்தால் காதைத் திருகுகிறவள், தன் வீட்டு விஷயத்தில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன செய்வது?

அந்த ஏப்ரல் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். நானும் இருந்தேன். சீலா மீன் குழம்பு. அண்ணன் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருக்கும்போது காலண்டர் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு 'தொப்'பென்று விழுந்தது. ஆணி விரிசலுக்குப் பக்கத்தில்தான் அடித்திருந்தது, அதற்கும் பிடிமானம் போய்விட்டது. சுவரில் கை விரல் அகலத்துக்குப் பிளவு. அதன் பக்கத்தில் அக்காவின் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு வருஷக் கணக்கு.

அண்ணன் எச்சில் கையோடு எழுந்து போய் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மாடி ரூமச் சொல்லுவ."

அதைத்தான் அவரும் சொன்னார். அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் நாசரேத்துக்கு வந்துவிடு என்றார். மறு வாரமே தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார். அவர் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்தார். முன்பக்க அஸ்திவாரம் தாழ்ந்துகொண்டே போகிறது, இனி நிற்காது, அடுப்படிப் பக்கம் இடித்துவிடுவது நல்லது, முழு வீட்டுக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போனார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து மாடி ரூம் சாவியை எடுத்து, காலண்டருக்கென்று புதிதாக அடித்த ஆணியில் மாட்டினார். "இது இங்கனயே கெடக்கட்டும்," என்றார்.

அக்கா அன்றைக்குப் பாடவில்லை, முறுக்கு டப்பாவைத் தொடவில்லை. "போன வருஷம் அண்ணனுக்கு முட்டி ஆபரேசன் நடந்துச்சுல்லா, அப்ப ஒரு மாசம் அந்த மாடியில இருந்தேன். அண்ணி நல்லவதான். ஆனா வாசக் கேட்டத் தொறந்தா எங்க போறன்னு கேப்பா. திரும்பி வந்தா எங்க போனன்னு கேப்பா," என்றாள். அவள் குரல் உடைந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரோச் கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

ரோச் கீழவைப்பார்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து மதிலைப் பூசியவர். "என் வீடு கடற்கரை மணல்ல இருக்கு டீச்சர், எனக்குச் சோறு போடுதது கரிசல்தான்," என்று சிரிப்பார். சுற்றுவட்டாரத்தில் கரிசலில் வெடித்த வீடுகளையெல்லாம் பார்க்கிறவர் அவர். அவர் வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு அண்ணனும் வந்திருந்தார். இடிப்பதற்கு ஆள் பேச வந்தவர், கைகட்டி ஒரு ஓரமாக நின்றார்.

ரோச் முதலில் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுத்தார். ஒரு முனையை ஒரு ஜன்னலின் தலைமட்டத்தில் வைத்து, மறுமுனையை வீட்டின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்து, அந்தக் குறியிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தார். திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, முன்பக்கம் தாழலயே. மூணு மூலையும் ஒரே மட்டத்துல இருக்கு. அடுப்படி மூலதான் ஒன்றர இஞ்சு மேல நிக்கி."

"மேலயா? வீடு எப்படிய்யா மேல போவும்?" என்றார் அண்ணன்.

ரோச் சுவரில் இருந்த பென்சில் வரிசைக்கு முன்னால் போய் நின்று, விரலை வைத்து மெதுவாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டீச்சரம்மா, எல்லாக் கோடையிலயும் விரிஞ்சிருக்கு. 2023-ல மட்டும் ஏப்ரல்ல ஆறு, ஜூன்ல ரெண்டு. மழையும் பெய்யல. நடுவுல மே மாசத்துக்கு 'ஆப்சென்ட்'னு போட்டிருக்கு. அது என்னது?"

"நான் ஊர்ல இல்ல. அண்ணனுக்கு ஆபரேசன், நாசரேத்ல இருந்தேன்."

"ஒரு மாசம் முழுக்க வீடு பூட்டியா கெடந்துச்சு?"

"ஆமா."

"அப்ப அந்த வாழைக்கு யாரு தண்ணி விட்டா?"

அக்கா ஜன்னல் வழியாக வாழையைப் பார்த்தாள். "யாரும் விடல. ரெண்டு வாழ பட்டுப்போச்சு. அப்புறம் வந்து பக்கக் கன்னு எடுத்து வச்சேன்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. மடியில் சாக்கோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

ரோச் பொறுமையாக விளக்கினார். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றாக உப்பி ஒன்றாகச் சுருங்கினால் வீடும் அதோடு ஒன்றாக ஏறி இறங்கிக்கொள்ளும். பதின்மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தது. குழாய் வந்து வாழையும் வந்த பிறகு, கோடையில் மற்ற மூன்று மூலையும் காய்ந்து இறங்க, அடுப்படி மூலை மட்டும் நாள் தவறாமல் தண்ணீர் குடித்து உப்பிக்கொண்டே போனது. அந்தத் தூக்கலில்தான் சுவர் பிளந்தது.

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான வாழ வைப்போம்?" என்றாள் அக்கா. பரீட்சையில் சரியாக எழுதிய விடைக்குச் சைபர் வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

"ஒங்க ஊரு மணலு. விட்ட தண்ணி கீழ போயிரும். இது விட்ட இடத்துலயே பிடிச்சு வச்சிக்கும்."

"அப்ப இடிக்க வேண்டாமா?" என்றாள் அக்கா.

"எதுக்கு இடிக்கணும்? தண்ணிய நிறுத்துங்க, சுத்தி ஒரு தளம் போட்டுத் தாரேன். ஒரு வருசத்துல தானா எறங்கி ஒக்காரும். எனக்கு அப்படித்தான் தோணுது."

ரோச் என் வயிற்றில் பாலை வார்த்தார். அண்ணன்தான் லேசில் நம்புகிற ஆள் இல்லையே. "ஒரு வருஷம் பாப்போம்," என்றார் தங்கையிடம். "அடுத்த மே மாசம் நானே வந்து அளப்பேன். ஒரு நூல் கூடியிருந்தாலும் நீ பேசாம எங்கூட வந்துரணும்." அக்கா சரி என்றாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. ஒரு வாழையில் குலை பாதி முற்றியிருந்தது. பத்து நாள் பொறுக்கலாமே என்று அக்கா ரோச்சிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கொல முத்துததுக்குள்ள சொவரு முத்திரும் டீச்சர்," என்று அவர் கிழங்கோடு பெயர்த்தார். அங்கே இரண்டடிக்குக் கீழே மண் பிசைந்த மாவாக இருந்தது. பத்தடி தள்ளி முன்வாசலில் அதே மண் வெடித்து, ஒரு பென்சிலைப் போட்டால் முழுசாக உள்ளே போனது. அக்கா நிஜமாகவே ஒரு பென்சிலைப் போட்டுப் பார்த்தாள். அதை எடுக்க முடியவில்லை.

அடுப்படித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் குழாய் வழியாகத் தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போயின. வீட்டைச் சுற்றிலும் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை கொட்டி இடித்தார்கள். அதன்மேல் ஆறடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, சிமெண்டுத் தளம். மொட்டைமாடியிலிருந்து விழுகிற மழைத்தண்ணீரும் அந்தத் தளத்தைத் தாண்டித்தான் விழ வேண்டும். விரிசலை மட்டும் ரோச் தொடவில்லை. "இப்ப பூசிட்டா பெறகு வந்தாலும் தெரியாது. அடுத்த கோட போவட்டும்," என்றார்.

அந்த ஒரு வருஷத்தை என்னவென்று சொல்ல! ஐப்பசியில் மழை பிடித்ததும் அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தண்ணீர் தளத்தில் தேங்காமல் வெளியே ஓடுகிறதா என்று. வெளியூரிலிருந்து வந்த புதுப் போஸ்ட்மேன் அவளைப் பார்த்து, "டீச்சருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?" என்று என்னிடம் விசாரித்தார். மழை முடிந்தபோது விரிசல் இரண்டு மில்லிமீட்டர். அதில் ஆச்சரியம் இல்லை, மழைக்கு எப்போதும் சுருங்கத்தானே செய்யும். கோடையில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. பிப்ரவரியில் இரண்டு. மார்ச்சில் இரண்டு. ஸ்கேல்மேல் சந்தேகப்பட்டுப் புது ஸ்கேல் வாங்கினாள். ஏப்ரலிலும் இரண்டு. "ஏப்ரல் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்," என்று பச்சைப் பொய் சொன்னாள். சந்தோஷப்படப் பயந்தாள் என்று எனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா நடந்தது. சால்வை, சுவர்க் கடிகாரம், கேசரி. இனி எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். "மே மாசம் சொல்லுதேன்," என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

மே மாசம் மூன்றாவது வாரம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள் பத்து மணிக்கு அண்ணன் வந்தார். தங்கை வீட்டு ஸ்கேலை நம்பாமல் நாசரேத்திலிருந்தே ஒரு இரும்பு ஸ்கேலைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாடி ரூம் சாவியோடு சேர்த்துக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுவரோடு ஒட்டிக்கொண்டு அளந்தார். ஜன்னல் பக்கம் அளந்தார், நடுவில் அளந்தார், கீழே குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அளந்தார். பிறகு மறுபடியும் மேலே. அடுப்படிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழுந்தது. அதைத் திறந்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார்.

அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். மூன்று வருஷத்துப் பயம் மொத்தமும் வெளியே வந்தது. நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் சொந்தக் காரியத்துக்குக்கூட அனுபவித்ததில்லை.

அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பென்சிலை எடுத்து, சுவரில் தங்கையின் வரிசைக்குக் கீழே தேதியும் அளவும் தன் கோணல் கையெழுத்தில் எழுதினார். மேசையில் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"மாடிக்கு வாடகைக்கு ஆள் பாக்கச் சொல்லணும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒத்தப் பொம்பள யாராவது வந்து கேட்டா, ஒண்ணும் கேக்காம குடுத்துரு அண்ணே."

"சரி," என்றார் அண்ணன்.